இலவசமாகக் கொடுங்கள், பொருந்தும்படி கொடுங்கள்

கேம்களுக்கு வரையும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைந்ததை இலவசமாக இணையத்தில் ஏற்றுவதற்கு முன், அது இன்னொருவர் வரைந்ததோடு சேர்ந்து நிற்குமா என்று ஒரு முறை வைத்துப் பாருங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்பதை விளக்கக் கொஞ்சம் இடம் தேவைப்படுகிறது.

இலவசக் கேம் ஓவியங்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஓப்பன்கேம்ஆர்ட் தளம் 2009ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. கேம் ஓவியங்களை வெளியிடும் கென்னியின் தொகுப்புகளை யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். தனிநபர்கள் தங்கள் கேம்களையும் ஓவியங்களையும் வெளியிடும் இட்ச் தளத்தில் தேடினால் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் முதன்முதலாகக் கேம் செய்ய உட்காருபவர் அங்கே போனால் என்ன நடக்கிறது? அருமையான ஒரு வீரன் கிடைக்கிறான். உயரம் 16 பிக்சல். அவனோடு சண்டையிட ஓர் அரக்கன் கிடைக்கிறான். 48 பிக்சல் உயரம், வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழுகிறது. மரம் பக்கவாட்டுப் பார்வையில் இருக்கிறது, வீடு மேலிருந்து பார்ப்பதுபோல இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நான்கையும் ஒரே திரையில் வைத்தால் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நிற்கின்றன. அவர் கேமைக் கைவிட்டுவிடுகிறார். வரைந்தவரின் உழைப்பும் பதிவிறக்க எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு நான் அறிந்தவரை மிகச் சிறந்த பதில் ஒரு போட்டியிலிருந்து வந்தது. 2012இல் பகிர்வு உரிமங்களை வகுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, மொசில்லா, ஓப்பன்கேம்ஆர்ட் ஆகியவை சேர்ந்து லிபரேட்டட் பிக்சல் கப் என்ற போட்டியை நடத்தின. ஜூன் மாதம் ஓவியங்களுக்கு, ஜூலை மாதம் அந்த ஓவியங்களைக் கொண்டு கேம் செய்பவர்களுக்கு. பரிசு கிடக்கட்டும், அவர்கள் செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள்: போட்டி தொடங்கும் முன்பே ஓர் அடிப்படைத் தொகுப்பையும், எப்படி வரைய வேண்டும் என்ற பாணி வழிகாட்டியையும் வெளியிட்டார்கள். தரைக்கான டைல், அதாவது தரையை நிரப்ப அடுக்கும் சதுரத் துண்டு, 32×32 பிக்சல். மனித உருவத்துக்கு 64×64 சட்டகம். பார்வைக் கோணம் எல்லோருக்கும் ஒன்றே. இந்த எல்லைக்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வரையலாம்.

விளைவு என்ன தெரியுமா? போட்டி முடிந்து பல ஆண்டுகளான பிறகும் அந்தத் தொகுப்பின் மனித உடலுக்குச் சட்டை தைப்பவர்கள், முடி வரைபவர்கள், வாள் கொடுப்பவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முன்பின் அறியாதவர்கள் வரைந்தவற்றை அடுக்கடுக்காக ஒன்றின் மேல் ஒன்று வைத்து முழு உருவத்தை உருவாக்கித் தரும் கருவியே இணையத்தில் இருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பதை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

அந்த உடலுக்கு ஒரு தொப்பி வரைவதை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும் அசைவில் ஒரு திசைக்கு 9 சட்டகங்கள், அதாவது அடுத்தடுத்துக் காட்டும் 9 படங்கள். முதலாவது நிற்கும் நிலை, மற்ற எட்டும் நடை. திசைகள் நான்கு. ஆக 36 சட்டகங்கள். கால் எடுத்து வைக்கும்போது உடல் ஒரு பிக்சல் ஏறி இறங்கினால் தொப்பியும் அதே சட்டகத்தில் ஏறி இறங்க வேண்டும். இல்லையென்றால் தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் என்று மிதக்கும். முதுகு காட்டி நடக்கும் வரிசையில் பின்னல் தெரிய வேண்டுமா, தொப்பி அதை மறைக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இதைச் செய்து முடித்தால் உங்கள் தொப்பி, நீங்கள் பார்த்தே இராத ஒருவர் வரைந்த வணிகன் தலையிலும் சிப்பாய் தலையிலும் கிழவி தலையிலும் அப்படியே உட்காரும். தனியாக ஒரு வீரனை வரைந்து ஏற்றியிருந்தால் ஒரே ஒரு வீரன்தான். இந்தத் தொப்பியோ எத்தனை கேம்களுக்குள் நுழைகிறது என்று கணக்கே சொல்ல முடியாது.

அதனால்தான் கூட்டுச் சவால்களில் கலந்துகொள்ளுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பலர் அவற்றைத் திறமைக்கான பந்தயமாகப் பார்த்து ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பார்வையில் உடன்பாடே இல்லை. சவாலின் உயிர் அதன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2002இல் தொடங்கிய லுடும் டேர் என்ற கேம் செய்யும் சவாலின் போட்டிப் பிரிவில் 48 மணி நேரத்துக்குள் ஒருவரே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். ஜேஎஸ்13கே சவாலில் முழுக் கேமும் சுருக்கிய பிறகு 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். பழைய கேம் கருவிபோலக் கணினிக்குள் இயங்கும் பிகோ-8 என்ற கற்பனைக் கருவியின் திரை 128×128 பிக்சல், நிறங்கள் 16. இப்படிக் கையைக் கட்டிப்போட்டால்தான் பலருக்குக் கை ஓடுகிறது. எந்த நிறம், எவ்வளவு பெரிது, எந்தக் கோணம் என்ற கேள்விகளுக்கு வேறொருவர் பதில் சொல்லிவிட்டார். உருவத்தை மட்டும் நீங்கள் யோசித்தால் போதும்.

ஓவியச் சவால்களில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லோருக்கும் ஒரே நிறத்தட்டை, அதாவது பயன்படுத்த வேண்டிய நிறங்களின் ஒரே பட்டியலை, கொடுக்கும் வகை. டான்பிரிங்கர் என்ற புனைபெயரில் அறியப்படும் பிக்சல் ஓவியர் வகுத்த 16 நிறத் தட்டு இதற்குப் பெயர் பெற்றது. ஒருவர் வரைந்த பாறையும் இன்னொருவர் வரைந்த ஆறும் அதே 16 நிறங்களில் இருந்தால், அளவு சற்று வேறுபட்டாலும் ஓர் உறவு தெரியும். சவால் நடத்தும் நண்பர்களே, தலைப்பை மட்டும் அறிவித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 'காடு' என்றால் ஆளுக்கொரு காடு வரும். டைல் அளவு, நிறத்தட்டு, ஒளி விழும் திசை மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சவால் முடியும்போது ஒரே காடு கிடைக்கும். யார் முதலிடம் என்ற வாக்கெடுப்பு இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

பொருத்தம் என்று நான் சொல்வது உரிமத்துக்கும் சேர்த்துத்தான். இங்கேதான் நல்ல மனம் படைத்தவர்கள்கூடக் கவனிக்காமல் விடுகிறார்கள். 'இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினால் போதாது. மாற்றலாமா? விற்கும் கேமில் வைக்கலாமா? பெயர் போட வேண்டுமா? பதில் இல்லாவிட்டால் பொறுப்புள்ளவர் தொடவே மாட்டார். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இலிருந்து இருக்கின்றன. எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ 2009இல் வந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பதிப்பு எண்ணோடு எழுதிவிடுங்கள்.

'வணிகத்துக்குக் கூடாது' என்ற நிபந்தனையைக் கேம் ஓவியத்துக்குப் போடுவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். போடுபவர்களின் பயம் எனக்குப் புரிகிறது: நாம் சும்மா கொடுத்ததை எவனோ விற்றுக் காசாக்குவானே என்ற ஆதங்கம். ஆனால் அந்தத் தொப்பியை நினைத்துப் பாருங்கள். முடி வரைந்தவர், 'அதே உரிமத்தில் பகிர வேண்டும்' என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்கிறார். தொப்பிக்கு நீங்கள் வணிகத் தடை போட்டீர்கள். இரண்டையும் ஒரே படமாகச் சேர்த்தால் எந்த உரிமத்தில் வெளியிடுவது? இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற வழியே இல்லை. பிக்சல் அளவில் கச்சிதமாக உட்கார்ந்த தொப்பி, ஒற்றை வரியால் தலையை விட்டு இறங்கிவிடுகிறது. ஓப்பன்கேம்ஆர்ட் இத்தகைய வணிகத் தடை உரிமங்களை ஏற்பதில்லை, சரியான முடிவு. அடுத்தவர் உங்கள் படத்தை மாற்றிப் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் கவலை என்றால், 'அதே உரிமத்தில் பகிர்' என்ற நிபந்தனையே போதும்.

எடுத்துப் பயன்படுத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஓவியத்தின் பெயர், வரைந்தவர் பெயர், எடுத்த இடம், உரிமம் இந்த நான்கையும் கேமுக்குள் எழுதுங்கள். பதிவிறக்கும் அன்றே ஒரு கோப்பில் குறித்து வைத்தால் ஒரு நிமிட வேலை. மாதங்கள் கழித்துத் தேடினால் தலைவலி. சும்மா கொடுத்தவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி அந்த வரிதான். சிசி ஜீரோ என்றால் சட்டப்படி கட்டாயமில்லை, இருந்தாலும் போடுங்கள்.

நிறுவனங்கள் கொடுத்த கதையும் உண்டு. கிளிட்ச் என்ற இணையக் கேம் 2012 இறுதியில் மூடப்பட்டது. அதைச் செய்த டைனி ஸ்பெக் நிறுவனம், பின்னாளில் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியால் நாம் அறிந்த அதே நிறுவனம், அடுத்த ஆண்டே அதன் ஓவியங்களில் மிகப் பெரும்பகுதியைப் பொதுவில் விட்டுவிட்டது. கேம் போனது, அதன் மரங்களையும் விலங்குகளையும் இன்றும் எடுத்து ஆளலாம். மூடும் கேம்களெல்லாம் இப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கொடுக்கும்போது தட்டையான பிஎன்ஜி கோப்போடு நிறுத்தாமல், அடுக்குகள் பிரிந்த மூலக் கோப்பையும் கொடுங்கள். கிரீட்டாவோ ஜிம்போ ஏஸ்ஸ்பிரைட்டோ, எதில் வரைந்தாலும் சரி. சட்டையின் நிறத்தை மாற்ற நினைப்பவர், கைக்கும் சட்டைக்கும் நடுவில் பிக்சல் பிக்சலாக வெட்டிக்கொண்டிருக்கும்படி விடாதீர்கள்.

நான் இப்போது அந்த 64×64 உடலுக்கு ஒரு மழைக்கோட்டு வரைந்துகொண்டிருக்கிறேன். நடை அசைவின் 36 சட்டகங்களும் தயார். முக்காட்டை வேண்டுமென்றே தனி அடுக்காக விட்டு, காலியாக வைத்திருக்கிறேன். மூலக் கோப்பை இந்த வாரமே ஏற்றிவிடுவேன். உரிமம் சிசி ஜீரோ. முக்காட்டை வரைய விரும்புபவர்கள் கீழே சொல்லுங்கள். இரண்டு பேர் வந்தால் இரண்டு வகை முக்காடு இருக்கட்டும், முடி அடுக்குக்கு மேலே வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.