சாணி நல்லதுதான், சூடு ஆறட்டும்

இரண்டு நாளாக ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சைச் சாணியைக் கரைத்துப் பரங்கிக் கொடியின் தூரில் வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். "இயற்கை உரம், எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை" என்று கீழே எழுத்து ஓடுகிறது. பர்மாவில் எங்கள் பெகு பக்கத்து ஆட்களும் பகிர்கிறார்கள். யூரியா விற்கிற விலைக்கு யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த வரியின் பின்பாதி பொய். பட்டவன் சொல்கிறேன்.

நான்கு வருஷம் முன்பு, மழை ஓய்ந்த ஐப்பசியில் பரங்கிக்குக் குழி வெட்டினேன். கையில் மாட்டெரு இல்லை. ஒரு கோழிப்பண்ணையில் உமியோடு வாரிய எச்சம் கிட்டத்தட்ட சும்மாவே கிடைத்தது. குழிக்கு ஒரு கூடை கொட்டி, அன்றைக்கே விதையும் ஊன்றினேன். முளைத்ததில் பாதி இலையோரம் கருகிச் செத்தது. பிழைத்தவை வேலியைத் தாண்டிக் கூரை ஏறின. ஒவ்வொரு இலையும் முறம் அகலம். காய்? மொத்தத் தோட்டத்துக்கும் நான்கு. பக்கத்துத் தோட்டத்து ஊலே (பர்மியப் பெரியவர், மாமா என்கிற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவோம்) எட்டிப் பார்த்துவிட்டு, "ஷ்வே பயோனா போட்டாய், கீரையா?" என்றார். பர்மியர் பரங்கிக்குப் பெயரிலேயே தங்கத்தை வைத்திருக்கிறார்கள். எனக்குத் தகரம்கூடத் தேறவில்லை.

கோழி எச்சத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மாட்டுச் சாணத்தைவிடப் பல மடங்கு. புதிதாக இருக்கும்போது அது அமோனியாவாகக் கிளம்பும். மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். உப்பும் அதிகம். இளவேர் தாங்காது. தாங்கினாலும் தழைச்சத்து மிஞ்சிவிட்டால் கொடி இலை விட்டுக்கொண்டே போகுமே தவிரக் காய்க்க மனசு வைக்காது. "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்று அப்பத்தா சொல்லும். கோழியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதன் காலத்தில் வீட்டுக்கு நாலு கோழி, மூட்டைக் கணக்கில் எச்சம் ஏது?

இன்னொன்று. பரங்கி தரையில் கிடந்து முற்றுகிற காய். பச்சைச் சாணியில் ஈ.கோலி, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணைத் தொடுகிற விளைச்சலுக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் முன்பே போட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும். வேகவைத்துத்தானே தின்கிறோம் என்பீர்கள். சரி, காயை நறுக்கிய அதே பலகையில் அப்புறம் வெள்ளரிக்காயும் நறுக்குகிறோமே?

இப்போது பங்குனியிலேயே மக்க வைக்கக் குவியல் போடுகிறேன். சாணி, வைக்கோல், மறுபடி சாணி. நடுவில் ஒரு கம்பியைச் செருகி மறுநாள் உருவினால் கையில் பிடிக்க முடியாது. உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால்தான் கிருமியும் களை விதையும் சாகும். ஓரத்தில் இருப்பது உள்ளே போக வேண்டும் என்பதால் அவ்வப்போது புரட்டிவிடுகிறேன். நம் ஊரில் முக்கியமான வேலை மூடி வைப்பது. வைகாசியில் பிடிக்கிற மழை விடுவதற்கு எத்தனை மாதம்! திறந்து கிடந்தால் சத்தெல்லாம் கரைந்து வாய்க்காலில் போகும், மிஞ்சுவது சக்கைதான். மக்கி முடிந்தால் சாணி வாடையே இருக்காது, மண் வாசம்தான்.

மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் தலையில் பரங்கிப்பூ வைக்கிறோம் இல்லையா? அம்மா எப்போதும் காம்பு நீண்ட பூவாகப் பார்த்துத்தான் பறிக்கச் சொல்வார். அது ஆண்பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ, அதில் கை வைத்தால் திட்டு விழும். நான் கோழி எச்சம் போட்ட வருஷம் தெருவுக்கே கொடுக்கிற அளவு ஆண்பூ. கோலம் ஜோராக இருந்தது, குழம்புக்குத்தான் காய் இல்லை.

இந்த வருஷக் குவியல் பழைய தகரத்துக்கு அடியில் கிடக்கிறது. கோழி எச்சமும் ஒரு மூட்டை அதற்குள் போயிருக்கிறது, வைக்கோலைத் தாராளமாகச் சேர்த்து. ஐப்பசிக்கு முன்னால் தொட மாட்டேன். ஊலே மட்டும் இப்போதே இரண்டு கூடைக்குச் சொல்லி வைத்துவிட்டார்.