'புட் ஓஃப்' என்றால் அணைப்பது மட்டும்தானா?

சனிக்கிழமை பின்னேரம் என் அக்காவின் மகள் கைபேசியை நீட்டி, "மாமா, வெள்ளியும் முடிஞ்சுது, இன்னும் கூப்பிடேல்லை" என்று சொன்னபோது எனக்கு ஏறிய கோபம் இன்னும் ஆறவில்லை. கிளிநொச்சியில் புதன்கிழமை நடக்கவிருந்த நேர்முகத் தேர்வைப் பற்றி வந்த ஆங்கிலக் குறுஞ்செய்தி அது: 'இன்ரவியூ புட் ஓஃப் ரில் ஃபிரைடே.' வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறோம், அன்றைக்கு வாருங்கள் என்பதுதான் அதன் பொருள். பிள்ளையோ, வெள்ளிவரை எல்லாம் நிறுத்தம், பிறகு அழைப்பார்கள் என்று விளங்கிக்கொண்டு விசுவமடுவில் வீட்டோடு இருந்துவிட்டாள். பரந்தன் சந்தியில் பஸ் மாறிப் போவதற்கென்று மினுக்கி வைத்த சட்டை இன்னும் கொடியில் தொங்குகிறது.

ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டதற்கு, ரியூசனில் கொடுத்த போட்டோக்கொப்பியை எடுத்துவந்து காட்டினாள். 'புட் ஓஃப் – அணைத்தல்' என்று இருந்தது; அதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. லைற்றை அணைப்பதும் அதன் ஒரு பொருள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு காரியத்தைப் பிந்திய நாளுக்குத் தள்ளுவது, ஒரு கெட்ட மணமோ பேச்சோ நம் விருப்பத்தையே கெடுத்துவிடுவது, வேலையில் இருப்பவரின் கவனத்தைக் குழப்புவது ஆகிய பொருள்களெல்லாம் எங்கே போயின? பின்னால் இன்னொரு வினை வந்தால் 'புட் ஓஃப் ரு கோ' என்று வராது, 'புட் ஓஃப் கோயிங்' என்றே வரும் என்பதையும், 'இற்' வந்தால் அது நடுவில் புகுந்து 'புட் இற் ஓஃப்' ஆகும் என்பதையும் அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

தமிழ்ப் பிள்ளைக்கு இது விளங்காத விடயமே அல்ல என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணி போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு என்று ஒரே வினையை நாள் முழுவதும் விதம்விதமாகப் புழங்குகிறவள் அவள். 'தள்ளிப்போடு' என்ற நம்முடைய சொல்லிலேயே அந்தப் 'புட்' அப்படியே 'போடு' என்று இருக்கிறதே! அதை ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் அவள் வாழ்நாளில் மறந்திருக்க மாட்டாள். ஆங்கிலம் இணைப்பு மொழி என்று இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லுக்கொரு பொருளாக அளந்து கொடுக்கிறார்கள்.

தேர்வு உண்மையில் ரத்தாகியிருந்தால் 'கோல் ஓஃப்' என்றல்லவா வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே தாளைத் திருப்பினேன். அதற்கு நேரே, அதே சிவப்புக் கோடுகளுடன், 'கூப்பிடுதல்' என்று இருந்தது.