அறுபதுக்கு மேல் சுருட்டை விட்டு என்ன கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்த கூத்தை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். எனக்கே பலபேர் அனுப்பிவிட்டார்கள், கீழே கண்ணீர் வர சிரிக்கிற பொம்மை வேறு. அதில் அறுபதாம் கல்யாண மாலையோடு, கையில் ஒரு கட்டு சுருட்டோடு, எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நிற்கிறாரே, அவர் என் வீட்டுக்காரர். சுருட்டை விட்டு மாதக்கணக்கில் ஆனவர், அவர் கையில்தான் விளையாட்டுக்கு அந்தக் கட்டைத் திணித்தார்கள்.

எதைச் சொல்கிறேன் என்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே கடந்து போய்விடுங்கள்.

மைக் பிடித்த அண்ணன் நல்லவர். எங்கள் வீட்டுக் காரியம் எதற்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர். அதனால் பெயர் போடவில்லை, போடவும் மாட்டேன். ஆனால் "அறுபதுக்கு மேல விட்டு என்ன மாமா கிடைக்கப் போவுது, இருக்கிற நாளைக்கு அனுபவிச்சிட்டுப் போங்க" என்று கேட்டாரே, சபையே கைதட்டியதே, அதற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். கழுத்தில் மாலை, பக்கத்தில் சம்பந்தி வீட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றேன். இப்போது சொல்கிறேன்.

மூன்று வருஷம் கிடைக்கும் அண்ணே.

இது நான் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததில்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் 1951-ல் தொடங்கி 34,000-க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களை ஐம்பது வருஷம் விடாமல் கவனித்தார்கள். யார் பிடிக்கிறார், யார் விட்டார், யார் எப்போது போய்ச் சேர்ந்தார் என்று எல்லாம் குறித்து வைத்தார்கள். 2004-ல் கணக்கு வெளியே வந்தது. சாகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தவர்களைவிட, 30 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக 10 வருஷம் ஆயுள் கூடுதல். 40-ல் விட்டால் 9, 50-ல் 6, 60-ல் 3. என் மகள் இதைப் படித்துக் காட்டியபோது இவர் "அறுபதுக்கும் ஒரு வரி போட்டிருக்கான் பாரு" என்றார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறார்.

மூன்று வருஷம்தானா என்று சிலர் உதட்டைப் பிதுக்குவது இங்கிருந்தே தெரிகிறது. உங்களுக்கு அது சில்லறை. மூன்று வருஷத்தில் என் பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருப்பாள். ராத்திரி பக்கத்தில் குறட்டை விட ஒரு ஆள் இருப்பார். இதைச் சில்லறை என்று தள்ள எனக்கு வசதி போதாது. அது சராசரிக் கணக்கு, இவருக்கு மூன்று என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அதுவும் தெரியும். நாளைக்கே பஸ் மோதலாம் என்பீர்கள். மோதலாம். அதற்காக யாரும் ரோட்டு நடுவில் பாய் விரித்துப் படுப்பதில்லையே.

சரி, வருஷத்தை விடுங்கள். கடைசிச் சுருட்டை அணைத்த இருபது நிமிஷத்தில் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பிக்கிறது. அரை நாளில் இரத்தத்தில் ஏறியிருந்த கார்பன் மோனாக்சைடு வழக்கமான அளவுக்கு வந்துவிடுகிறது. ஒரு வருஷம் போனால் இதய நோய் அபாயம், தொடர்ந்து பிடிக்கிறவருக்கு இருப்பதில் பாதியாகிறது. பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோய் அபாயமும் ஏறக்குறைய பாதி. இதற்கெல்லாம் உடம்பு நம்மிடம் பிறந்த தேதி கேட்பதில்லை. சபைதான் கேட்கிறது.

இவர் ஏன் விட்டார் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் வீடு நாலாவது மாடி. ரங்கூன் பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, படியெல்லாம் செங்குத்து. பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே சின்ன மணி. கீழே பேப்பர்காரர் பேப்பரை மாட்டிவிட்டு இழுத்தால் மணி அடிக்கும், நாங்கள் தூக்கிக்கொள்வோம். எங்கள் வீட்டில் பேப்பரைவிட அதிகமாக அந்தக் கயிற்றில் ஏறியது சுருட்டுதான். கீழே வெற்றிலைக் கடைப் பையனுக்கு இவர் குரல் கொடுக்கவே வேண்டாம், பால்கனியில் தலை தெரிந்தால் போதும், கட்டு மேலே வந்துவிடும். காசு அதே கிளிப்பில் கீழே போகும். கைலி, சட்டை எதை எடுத்து உதறினாலும் கடுகளவு கடுகளவாக ஓட்டை. தனப்பெ இலைக்குள் புகையிலையோடு தண்டுத் துண்டையும் வைத்துச் சுருட்டுகிறார்களா, இழுக்க இழுக்கப் பொறி உதிரும். சுருட்டு பிடிக்கிறவர் துணி துவைக்கிற பெண்களுக்கு நான் சொல்வது புரியும்.

போன மழைக்காலத்தில் மார்க்கெட் பையோடு ஏறி வந்தவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயால் மூச்சு வாங்குகிறார், பேச்சு வரவில்லை. அந்த மாடியில் இருக்கிற பர்மாக்காரப் பாட்டிதான் நாற்காலி எடுத்துப் போட்டு விசிறினார். டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். போன நுரையீரல் போனதுதான், திரும்பி வராது என்றார். ஆனால் இன்றைக்கு விட்டால் மேற்கொண்டு தேய்கிற வேகம் குறையும், பிடிக்காதவர்களுக்கு வயதாக ஆகக் குறைகிற அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்றார். இவர் மறுபேச்சு பேசவில்லை. சட்டைப் பையில் இருந்ததை எடுத்து அந்த வெற்றிலைக் கடைப் பையனிடமே கொடுத்துவிட்டு மெதுவாக ஏறி வந்தார்.

அதற்கப்புறம் வந்த நாட்களை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். தூக்கம் இல்லை, வயிறு சரியில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவது. கரண்ட் போன ராத்திரிகளில் ஜன்னலோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். கை அதுபாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போகும், வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பும். இருமல் குறையும் என்று பார்த்தால் முதலில் கூடியது. புகையில் செயலற்றுக் கிடந்த மூச்சுக்குழாய் மயிரிழைகள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுகின்றன என்று மகள் சொன்ன பிறகுதான் பயம் போனது. ஆசை ஏறும்போது சில நிமிஷம் தாக்குப்பிடித்தால் தணிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் ஒரு நாள் ரசம் ஊற்றினேன். "என்ன இது, இவ்வளவு உப்பு?" என்றார். இத்தனை வருஷமாக அதே கை, அதே உப்பு. இவருக்கு ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்கியதே இல்லை. நாக்கு திரும்பி வந்திருக்கிறது! இப்போது தினமும் என் சமையலுக்கு மார்க் போடுகிறார். இவர் புகையை விட்டதில் எனக்கு வந்த ஒரே நஷ்டம் அதுதான்.

அப்படிப்பட்ட ஆள் கையில்தான் ஒரு கட்டைத் திணித்தீர்கள். "ஒண்ணே ஒண்ணு மாமா, போட்டோவுக்கு" என்று வேறு.

ஒன்றுதானே என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் சொன்னது. ஆண்களில் ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது. இருபதில் ஒரு பங்குதானே இருக்க வேண்டும்? இல்லை, பாதி. அதோடு, விட்டவருக்கு அந்த ஒன்று ஒன்றோடு நிற்பதில்லை. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மேடையில் நின்றவர்களில் எத்தனை பேர் விட்டுவிட்டு மறுபடி பிடித்தவர்கள் என்று எனக்கும் தெரியும், உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும்.

விளையாட்டுக்குச் சொன்னதை இவள் பெரிசு பண்ணுகிறாள் என்பீர்கள். விளையாட்டுதான். குடிகாரன் ஒருத்தன் குடியை விட்டால் அவன் கழுத்தில் பாட்டிலைக் கட்டி விளையாடுவீர்களா? மாட்டீர்கள், பயம் இருக்கும். சுருட்டு என்றால் மட்டும் எல்லாருக்கும் நகைச்சுவை வந்துவிடுகிறது.

எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை சுருட்டு பிடித்தார் என்று கீழே எழுதத் துடிக்கிறவர்கள் இருப்பீர்கள். இல்லாத வீடே கிடையாது, எல்லா வீட்டிலும் அப்படி ஒரு தாத்தா. பிழைத்துக் கிடந்த தாத்தாவைப் பேரன் பார்த்திருப்பான், பேசுவான். ஐம்பத்தைந்தில் போன தாத்தாவைப் பார்த்த பேரன் எங்கே இருக்கிறான், வந்து பேச? மேலே சொன்ன டால் இருக்கிறாரே, புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று தன் ஆய்விலேயே தெரிய ஆரம்பித்ததும் தானும் விட்டவர். 92 வயது வரை இருந்தார். தாத்தா கணக்குதான் வேண்டுமென்றால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இலைச் சுருட்டு இயற்கை, சிகரெட்டுதான் கெடுதல் என்பது இன்னொரு கட்சி. எரிகிற இலையில் தாரும் வரும், கார்பன் மோனாக்சைடும் வரும். இயற்கையாகவே வரும்.

முனீஸ்வரருக்கே சுருட்டு படைக்கிறோமே என்று ஒரு பெரியவர் அன்றைக்கே சொன்னார். படையுங்கள், நானும் படைக்கிறேன். சாமி நாலு மாடி ஏற வேண்டியதில்லை, யார் முன்னாலும் குழாயில் ஊதிக் காட்ட வேண்டியதில்லை.

"அக்கா, உங்க வாய் மட்டும் ஏன் சிவப்பா இருக்கு?" அதானே? வரும் என்று தெரியும். நான் போடுவது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. கடையில் மடித்துத் தருகிற குன்யா மாதிரி புகையிலை வைத்து மடிப்பதில்லை. பாக்கே கெடுதல் என்று என் மகளும்தான் சொல்கிறாள். அது வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அந்த வீடியோவின் ஓரத்தைப் பாருங்கள். மேடைக்குப் பக்கத்தில் பையன்கள் நிற்கிறார்கள், மீசைகூட முளைக்காத பிள்ளைகள். அவர்களும் கைதட்டுகிறார்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கக்கூடாது என்று இந்த நாட்டில் 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. சிகரெட் பாக்கெட்டில் முக்கால்வாசி இடத்துக்கு நோய்ப் படம் போட்டிருக்கிறார்கள், பார்த்தால் சோறு இறங்காது. நாம் என்ன செய்கிறோம்? விசேஷத்துக்கு வாங்கி, பாக்கெட்டைப் பிரித்து, படத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, சிகரெட்டை மட்டும் கண்ணாடித் தம்ளரில் அழகாக நிறுத்தி வைக்கிறோம். பக்கத்துத் தட்டில் வெற்றிலை, லப்பெ என்கிற ஊறவைத்த தேயிலை, சுருட்டு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அந்தத் தட்டு வந்தாக வேண்டும். வைக்காவிட்டால் மரியாதை தெரியாத வீடு.

என் தம்பிக்கு எட்டு வயது இருக்கும். "டேய், அடுப்புல பத்தவச்சிக் கொண்டா" என்று வீட்டுக்கு வந்த பெரியவர்கள் சுருட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். நெருப்புப் பிடிக்க ஒரு இழுப்பு இழுத்தாக வேண்டும். அவன் அப்படித்தான் கற்றுக்கொண்டான். பையன் இருமிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரித்தார்கள், இதே சிரிப்புதான். நுரையீரலில் புற்றுநோய் வந்து ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டான். நடுவில் ஒரு தடவை விட்டுப் பார்த்தான். "என்னடா, பொண்டாட்டிக்குப் பயந்தா?" என்று கேட்டே அவனை மறுபடி பிடிக்க வைத்தார்கள். அவன் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைத்த தட்டிலும் சுருட்டு இருந்தது. வாசலில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே "பாவம், நல்ல பிள்ளை, விதி" என்றீர்கள். விதியாம்.

ஒருத்தர் விட்டால் மற்றவர்களுக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று எனக்குப் புரியவில்லை. இவர் யாரிடமும் போய் "நீயும் விடு" என்று சொல்லவில்லை. டீக்கடையில் பக்கத்து மேஜைப் புகை வந்தால்கூட எழுந்து வேறு இடத்தில் உட்காருகிறார், ஒரு வார்த்தை கிடையாது. பேசுவது நான்தான். இந்தப் பதிவைப் போடாதே என்றும் சொல்லிப் பார்த்தார்.

மைக் அண்ணனுக்கு: உங்களுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. ஐம்பதுக்கு ஆறு, அறுபதுக்கு மூன்று. நடுவில் உங்களுக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அண்ணிக்கு நான் ஏற்கனவே போட்டுச் சொல்லிவிட்டேன்.

தை மாதம் சின்னவனுக்கு நிச்சயம் வைத்திருக்கிறோம். வெற்றிலை இருக்கும், லப்பெ இருக்கும், டீ எத்தனை கேட்டாலும் கிடைக்கும். சுருட்டுத் தட்டு கிடையாது, தம்ளரில் சிகரெட்டும் கிடையாது. அது ஒரு விசேஷமா என்று வராமல் இருக்கப் போகிறவர்கள் இப்போதே சொல்லிவிட்டால் உபகாரமாக இருக்கும். அரிசி விலை இருக்கிற இருப்பில், சமையல்காரரிடம் அதற்குத் தக்கபடி அளவு சொல்ல வேண்டும்.