ஆமாம், சந்தோஷத்துக்காகத்தான் கோச்சிங் செய்கிறேன்

சனிக்கிழமை பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் வந்த அந்த மெசேஜை முழுசாக இங்கே போடப் போவதில்லை. நம் நியூஜெர்சி ஆட்கள் பாதிப் பேர் படித்தாயிற்று. “கோச்சிங் உங்களுக்கு டைம்பாஸ், எங்கள் பிள்ளைக்கு சீரியஸ்” என்ற வரிக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இதில் சந்தோஷம் கிடைக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது? அதனால்தான் வெள்ளிக்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, யார் எங்கே, எந்த வரிசையில் ஆடுவது என்ற லைன்-அப் எழுத உட்காருகிறேன். மழை பெய்த மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய், பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டு மண்ணைக் கிளறிக் காயவிடுகிறேன். சந்தோஷமாகச் செய்தால் அக்கறை இல்லை என்று எந்த ஊரில் அர்த்தம்?

“ஜெயிக்கிற மேட்ச்சில் பிட்சரை ஏன் மாற்றினீர்கள்?” நாங்கள் ஆடும் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் 9, 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 75 பந்துதான். முடிந்தது, மாற்றினேன். இன்னொரு நல்ல பிட்சர் புதன்கிழமை 55 பந்து வீசியிருந்தான். 51 முதல் 65 வரை வீசினால் மூன்று நாள் ஓய்வு கட்டாயம். வளர்கிற வயதில் தோளும் முழங்கையும் கெட்டுவிடக் கூடாது என்றுதான் இந்தக் கணக்கே. ஒரு வெற்றிக்காக யார் வீட்டுப் பிள்ளையின் கையையும் பணயம் வைக்க மாட்டேன். புதுப் பையனை இறக்கினேன், பந்து தப்பித் தப்பிப் போய் வாக் மேல் வாக் (அடிக்காமலேயே எதிரணிக்கு முதல் பேஸ்) கொடுத்தான், தோற்றோம். உதடு துடித்தாலும் கடைசிப் பந்துவரை அந்த மேட்டைவிட்டு அவன் இறங்கவில்லை. அதைப் பற்றி குரூப்பில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை.

“சொந்தப் பிள்ளைக்கு இடம் பிடிக்கத்தான் கோச் ஆகிறார்கள்” என்றும் சொல்வீர்கள். என் மகன் பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டில் நிற்கிறான், கடைசியில் பேட் செய்கிறான். வந்து பாருங்கள். “படிப்பு கெடுகிறது” என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் இதைச் சொல்வேன். எங்கள் டீமில் ஒரு சின்னப் பெண். பிட்சர் கையைத் தூக்கினாலே முன்காலைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு விலகுவாள். அவள் குதிகாலுக்குப் பின்னால் தரையில் ஒரு பேட்டைக் கிடத்தி, அதை மிதிக்காமல் அடிக்கச் சொன்னேன். முதலில் டென்னிஸ் பால், அப்புறம் மெத்தென்ற பந்து, அப்புறம்தான் நிஜப் பந்து. போன மாதம் ஒரு மேட்ச்சில் நச்சென்று பட்டு, பந்து ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்ற ஃபீல்டரின் தலைக்கு மேலே போனது. அவள் ஓடாமல் என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “ஓடும்மா!” என்று தமிழில் கத்திவிட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஓடினாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

இதுவா டைம்பாஸ்?

அந்த மெசேஜுக்குக் கீழே ஒருவர், “லேடீஸுக்கு பேஸ்பால் என்ன தெரியும், பாவம்” என்று எழுதி ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டிருந்தார். தோற்றதைவிட அதுதான் எனக்கு வலித்தது. நாம் வாழ்கிற இதே மாநிலத்தில், ஹோபோக்கனில், 1972-ல் மரியா பெப்பே என்ற 12 வயதுப் பெண் பையன்களோடு சேர்ந்து ஆடினாள். மூன்று ஆட்டத்திலேயே அவளை நிறுத்தவைத்தார்கள். வழக்கு நடந்து, 1974-ல் லிட்டில் லீக் பெண் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தபோது அவளுக்கு வயது கடந்துவிட்டது. அவள் ஆடாமல் போன ஆட்டத்தைத்தான் என் டீம் பெண் பிள்ளைகள் இன்று ஆடுகிறார்கள். எனக்கு ஊரில் அதுகூட வாய்க்கவில்லை. பி.டி. பீரியடை கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், பையன்கள் மட்டும் எப்படியோ கிரவுண்டில் இருப்பார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது கிரவுண்டுக்குள் நிற்கிறேன், பிள்ளைகள் “கோச்” என்று கூப்பிடுகிறார்கள். யார் சிரித்தாலும் இதை விட மாட்டேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குப் பிராக்டிஸ். அந்தப் புதுப் பையன் மறுபடியும் வீசப் போகிறான். சொல்ல விஷயம் இருப்பவர்கள் மடக்கு நாற்காலியை விட்டு எழுந்து வந்து பந்து பொறுக்கிப் போடுங்கள். லீகில் பேக்ரவுண்ட் செக் படிவத்தை மட்டும் முதலில் கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல் உள்ளே விட முடியாது.