மத்தியானம் ரெண்டரைக்குச் சோறு, பின்னேரம் காலிமுகத்திடலாம்!

பங்குனி பிறந்து வைகாசி முடியுமட்டும் கொழும்பில் கலியாணம் கட்டின சோடிகளுக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று கிடையாது. சனி ஒரு வீடு, ஞாயிறு மற்ற வீடு. ஒரு கிழமை முறை தவறினால் "போன கிழமையும் அங்கதானே நிண்டனீங்கள்?" என்று போனில் கணக்கு வரும். அதைக்கூட விடுங்கள். பெற்றவர்கள் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். வயிறு எரிவது நேரத்தை நினைத்துத்தான். வருஷத்திலேயே புழுக்கம் கூடின மாதங்களில், நாளிலேயே புழுக்கம் கூடின நேரத்தைத் தேடிப்பிடித்து ஏழெட்டுக் கறியோடு சோறு வைத்து, எல்லாரையும் அடித்துப்போட்ட மாதிரிப் படுக்கவிட்டு, நாலரைக்கு எழும்பி "எங்கயாவது வெளிக்கிடுவமே?" என்று கேட்கிற அந்தப் பழக்கம் இருக்கிறதே, அதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

வெயில் என்று சும்மா புலம்பவில்லை. ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நகர்ந்து போகிறது. கொழும்புக்கு அது ஏழாம் எட்டாம் திகதிகளில். பன்னிரண்டு மணி தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் மதில் நிழல்கூட மதிலின் காலடிக்குள் ஒடுங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற பெறாமகன் போனைப் பார்த்து "முப்பத்திரண்டுதானே" என்பார். முப்பத்திரண்டுதான் தம்பி. ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்தை ஆர் கணக்கெடுக்கிறது? வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாது, வழியும். வளிமண்டலவியல் திணைக்களம் இந்த மாதங்களில் உடம்பு உணருகிற வெப்பத்தைத் தனியாகக் கணக்கிட்டு எச்சரிக்கை விடுவது இதற்காகத்தான். அந்த அறிவித்தலை வட்ஸப் குடும்பக் குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, அதே ஆள் பன்னிரண்டு மணிக்கு மீன் பொரிக்கச் சொல்லுவார்.

சரி, குசினிக்குள் வருவோம். "பன்னிரண்டரைக்குச் சாப்பாடு" என்று சொல்லிவிட்டு ஏன் எப்போதும் இரண்டரை ஆகிறது? ஆரும் சோம்பேறி இல்லை. அடுப்புக் கணக்கு அப்படி. எட்டுப் பேருக்கு வழக்கமான ஞாயிறுச் சமையலை எடுங்கள். பானைச் சோறு 40 நிமிஷம், ஏனென்றால் ரைஸ் குக்கர் சோறு மாமாவுக்குப் பிடிக்காது. பருப்பு 20. மீன் குழம்பு 25. கத்தரிக்காய் பொரித்துப் பால்கறி 35. பயற்றங்காய் 20. மீன் பொரியல், சட்டிக்கு நாலு துண்டாகப் போட்டெடுக்க 30. அப்பளமும் மோர்மிளகாயும் 10. கடைசியில் சொதி 10. மொத்தம் 190 நிமிஷம். கேஸ் அடுப்பில் வாய் இரண்டு. ஒரு நொடிகூட வீணாகாமல் இரண்டு வாயும் எரிந்தாலே ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். அதற்கு முன்னால் இரண்டு தேங்காய் திருவி முதற்பால், இரண்டாம்பால் பிழிய வேண்டும்; அரைக்கிலோ சின்னவெங்காயம் உரிக்க வேண்டும்; ஒன்றரைக் கிலோ மீனைச் செதில் எடுத்துக் கழுவ வேண்டும். மீனே வீட்டுக்கு வருவது ஒன்பதரைக்கு. வந்தவர் தேத்தண்ணி குடித்து முடிய பத்து. பிறகு எப்படிப் பன்னிரண்டரை?

மீன் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த வெயிலில் ஒன்பது மணிக்குச் சந்தைக்குப் போகிறவர் மீன் வாங்கப் போகவில்லை, மிச்சம் வாங்கப் போகிறார். ஆறரைக்குப் போங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும்; கண் உள்ளே போயிருந்தால் அடுத்த தட்டுக்குப் போங்கள். ஒரு பெட்டியில் ஐஸ் கட்டி போட்டுக் கொண்டுவாருங்கள். பொலித்தீன் பையில் கட்டி ஓட்டோவில் வைத்து, வழியில் தெரிந்தவரோடு அரைமணி நேரம் கதைத்துவிட்டு வந்து "மீன் கொஞ்சம் நொய்ஞ்சு போச்சு" என்று குசினிக்குக் குறை சொல்லக் கூடாது.

அந்தக் குசினி எப்படி இருக்கும் தெரியுமா? வெள்ளவத்தையில் ஒரு பிளட். குசினி ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். கடற்காற்று முன் அறையோடு நின்றுவிடும். காற்றாடி இருக்கும், போட ஏலாது. போட்டால் அடுப்பு நெருப்பு அலைந்து அணையும். இரண்டு அடுப்பு, ஒரு எண்ணெய்ச் சட்டி, இரண்டு பொம்பிளைகள், நிறுத்தின காற்றாடி. முன் அறையில் ஏசி. ஏசி அறையிலிருந்து ஒரு குரல் வரும்: "தேத்தண்ணி ஒண்டு கிடைக்குமே?"

எனக்கு ஏறுகிற கோபம் இங்கேதான். மனிசி வீட்டுக்குப் போனால் மனிசன் மருமகன், விருந்தாளி. பொரித்த மீனில் பெரிய துண்டு அவருக்கு. மனிசன் வீட்டுக்குப் போனால் மனிசி மருமகள், திருவலைக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம். சொந்தத் தாய் வீட்டிலும் அவள் சும்மா இருப்பதில்லை, "அம்மாவுக்கு முழங்கால் ஏலாது" என்று அவளே எழும்புவாள். ஆக இரண்டு நாளும் இரண்டு குசினி. மனிசனுக்கு இரண்டு நாளும் இரண்டு செற்றி. திங்கட்கிழமை ஒஃபிஸில் இரண்டு பேரிடமும் "வீக்கெண்ட் எப்பிடி?" என்று ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

அளவு இன்னொரு கொடுமை. ஆளுக்கு 100 கிராம் அரிசி, நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு 125. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ தாராளம். போடுவது இரண்டு கிலோ. "ஆரும் திடீரெண்டு வந்தாலும்?" இந்த வெயிலில் ஆர் வருகிறது? மிஞ்சின ஒரு கிலோ அரிசிச் சோறும் மூன்று கறியும் பிறகு பார்சலாக மாறும்.

அந்தப் பார்சல்! மூன்று மணிக்குச் சூட்டோடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, மூடியை இறுக்கி, பையில் அடுக்கி வாசலில் வைப்பார்கள். "போகேக்க மறக்காதேங்கோ." அந்தப் பை பின்னேரம் முழுக்கக் காரின் டிக்கிக்குள் கிடந்து, இரவு ஒன்பதுக்கு வீடு வந்து பிரிட்ஜுக்குள் போகும். ஆறு மணித்தியாலம். மூடின பெட்டிக்குள் சூடு இறங்காது. கிருமி பெருகுவதற்கென்றே செய்து கொடுத்த இளஞ்சூடு அது. முதலில் பழுதாவது முதற்பால் விட்ட கறி, மூடியைத் திறந்தால் மேலே நுரை, மூக்குக்குப் புளிப்பு. அது நல்லது, மணத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சோறுதான் ஆபத்து. அரிசியிலுள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதித்தாலும் சாகாது; சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சு விடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மணமும் தெரியாது. திங்கள் காலை வயிற்றுப்போக்கு வந்தால் "வெயில் சூடு" என்று இளநீர் வெட்டுவோம்.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒழுங்காகக் கொடுங்கள். சோற்றை அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, காற்றாடிக்குக் கீழே வைத்து ஆற்றி, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். கறிச் சட்டியை ஐஸ் தண்ணீர்ப் பேசினுக்குள் இறக்கிக் கிளறினால் கால் மணியில் ஆறும். கட்டிக் கொடுக்கவே சமைக்கிறீர்கள் என்றால் தேங்காய்ப்பால் சேர்க்காதீர்கள்: கொரக்காப் போட்டு வற்றவிட்ட மீன், சீனிச்சம்பல், தேங்காய் சேராத கட்டைச்சம்பல், புளிச்சாதம். தேங்காய்ப்பூச் சம்பலை மத்தியானத்துக்குப் பிறகு வெளியே கொண்டுபோகவே கூடாது.

இப்போது பின்னேரம். நாலரைக்கு எழும்பி, முகம் கழுவி, பிள்ளைக்குச் சட்டை தேடி வெளிக்கிட ஐந்தே கால். காலி வீதியில் முழு வெள்ளவத்தையும் அதே யோசனையோடு நிற்கும். ஏப்ரலில் சூரியன் ஆறே காலுக்குக் கடலுக்குள் போய்விடும். வாகனம் விட இடம் தேடி முடிய இருட்டு. அதுவும் மழை இல்லாவிட்டால். இந்த மாதங்களில் வானிலை அறிக்கை கிட்டத்தட்ட ஒரே வசனம்தான்: பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை. தினமும் வாசிக்கிறார்கள், தினமும் கேட்கிறார்கள், பிறகு அதே நேரம் பார்த்து காலிமுகத்திடல் என்கிற, ஒரு மரமும் இல்லாத கடலோரப் புல்வெளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஏப்ரல் இந்த நாட்டில் மின்னல் கூடின மாதம். மின்னிய பிறகு எண்ணுங்கள்; முப்பதுக்குள் இடி கேட்டால் உடனே கட்டிடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை வெளியே வராதீர்கள். குடையோடு புல்லில் நிற்பது பாதுகாப்பு இல்லை.

காலிமுகத்திடல் உலாப்பாதையில் ஒரு கல் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். 1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் தொடங்கி 1859இல் முடித்த பாதை. கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் பயன்பெற என்று அதில் பொறித்திருக்கிறது. அந்தப் பெண்கள் இன்றைக்கு அங்கே வந்து சேருவது பாத்திரம் கழுவி முடிந்த பிறகு. வந்த கையோடு எல்லாருக்கும் இறால் வடை வாங்கக் கியூவில் நிற்பதும் அவர்கள்தான். (வடையைக் குவியலில் இருந்து வாங்காதீர்கள். எண்ணெயில் திரும்பப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மேலே தூவுகிற வெட்டின வெங்காயம், தக்காளி வேண்டாம் என்று சொல்லுங்கள். அது எப்போது வெட்டினது என்று ஆருக்கும் தெரியாது.)

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. காலையைப் பிடியுங்கள். ஆறு மணிக்கு வெளிச்சம் வந்துவிடுகிறது. ஆறரைக்குக் கோட்டையிலிருந்தோ பம்பலப்பிட்டியிலிருந்தோ கல்கிசைப் பக்கம் ரயில் எடுத்தால் வலப்பக்க ஜன்னலில் கடல், வெயிலோ இடப்பக்கம். பின்னேரம் இதே ஜன்னலில் கண் திறக்க முடியாது. சனி ஞாயிறில் ரயில் குறைவு, நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். கடலில் கால் நனைக்கிறது என்றால் மார்ச், ஏப்ரலில் செய்துவிடுங்கள். மே நடுவில் தென்மேல் பருவக்காற்று விழுந்தால் மேற்குக் கரை கொந்தளிக்கும், பிறகு செப்டெம்பர் மட்டும் கரையில் நின்று பார்ப்பதுதான். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போவதானால் எட்டரைக்குத் திறக்கிற கையோடு உள்ளே போய்ப் பத்தரைக்கு வெளியே வாருங்கள். பதினொன்றுக்குப் பிறகு மிருகங்களும் நிழலில் படுத்துவிடும், உங்கள் மாமனாரைப் போல. விகாரமகாதேவிப் பூங்கா, பெத்தகான ஈரநிலம் எல்லாம் காலையில்தான் அழகு. கையில் பிட்டு, கட்டைச்சம்பல், அவித்த முட்டை, கதலிப்பழம், ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் ஒரு பக்கெற் ஜீவனியை, அதுதான் நீரிழப்புக்குக் குடிக்கிற உப்புச்சீனித் தூளை, ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிக் கோப்பையில் பாதிப் பக்கெற் என்று மனக்கணக்குப் போட வேண்டாம்.

பதினொன்றுக்கு வீடு, குளிப்பு. மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு பொரியல், ரசம். முக்கால் மணி வேலை. குடும்பம் கூடுகிற பெரிய சாப்பாட்டை ஏழு மணிக்கு வையுங்கள். இடியப்பம் ஆளுக்கு எட்டு வீதம் காலையிலேயே கடையில் சொல்லிவைத்தால் வீட்டில் சொதியும் சம்பலும் ஒரு மீன் குழம்பும்தான். இருட்டினால் புழுக்கமும் கொஞ்சம் அடங்கும். மே பிந்திக் கறுத்தக்கொழும்பான் வரத் தொடங்கினால் சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான்; வாங்கும்போது காம்புப் பக்கம் மணந்து பாருங்கள், மணம் இல்லாமல் தோல் மட்டும் மஞ்சளித்த பழத்தைத் தொடாதீர்கள்.

நாளும் பாருங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு. வெசாக் என்றால் அடுத்த நாளும் விடுமுறை, பின்னேரம் பேரை வாவிப் பக்கம் வாகனம் நகராது. சித்திரை வருஷப்பிறப்புக்கு 13, 14 இரண்டு நாளும் லீவு. கடைகள் பல அதற்குப் பிறகும் சில நாள் திறக்காது, கேஸும் முட்டையும் 11ஆம் திகதிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நெரிசல் இல்லாமல் போகலாம் என்றால் அந்த இரண்டு மூன்று நாள்தான். அதையும் ஒன்பது மணிக் காலையை விட்டு ஒரு மணி வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கைவிசேஷம் வாங்கிக் கெடுக்கிறோம்.

"மத்தியானச் சோறு போடாமல் அனுப்பினால் சனம் என்ன சொல்லும்?" என்று மாமி கேட்பார். இதைக் கேட்டவுடன் வாயை மூடுகிற மகன்மார்தான் எல்லாவற்றுக்கும் காரணம். மருமகள் சொன்னால் அது வாய்க்காட்டல். பெற்ற பிள்ளை சொன்னால் அது யோசனை. ஆகவே புதன்கிழமையே, மகன் தன்ர வாயால், தன்ர அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும்: "அம்மா, ஞாயிறு மத்தியானம் வரேல்லை, ஏழு மணிக்கு வாறம், இடியப்பம் நான் வாங்கிக்கொண்டு வாறன், நீங்கள் தேங்காய் திருவ வேண்டாம், நான் வந்து திருவுறன்." கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுச் செற்றியில் போய் இருக்கிறவர்களுக்கு: திருவலை குசினியில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.