28 நாளில் முடிந்துபோகும் மாதம்

நெல்லை மாவட்டத்து முக்கூடலில் பீடி சுற்றும் என் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் இணையம் கிடையாது. ஆனாலும் இணையத்துக்கும் சேர்த்தே ரீசார்ஜ் கடையில் பணம் வாங்குகிறார்கள். அதுவும் 28 நாளில் தீர்ந்துவிடுவதால், 12 மாதம் கொண்ட ஆண்டுக்கு 13 முறை கட்ட வேண்டியிருக்கிறது. "அந்த நெட்டு எனக்கு எதுக்குல? அதக் கழிச்சுட்டு வாங்கச் சொல்லு" என்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது?

வேறு நிறுவனத்துக்கு மாறு என்று எளிதாகச் சொல்கிறார்கள். 2024 ஜூலை 3 அன்று இரண்டு தனியார் நிறுவனங்களும், மறுநாளே மூன்றாவதும் கட்டணத்தை உயர்த்தினவே, மாறி எங்கே போவது? பேசிவைத்துச் செய்தார்கள் என்பதற்குச் சான்று இல்லாதவரை, போட்டிச் சட்டம் இதைக் கூட்டுச்சதி என்று கொள்ளாது.

2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக வந்தபோது நானும்தான் வரிசையில் நின்று சிம் வாங்கினேன், மறுக்கவில்லை. அடக்கவிலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிக்கிறார்கள் என்ற புகாரை இந்தியப் போட்டி ஆணையம் 2017 இல் தள்ளுபடி செய்தது; புதிதாக வந்த நிறுவனம் சந்தையில் ஆதிக்க நிலையில் இல்லை என்பது அது சொன்ன காரணம். மறு ஆண்டே, தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் திவாலானது. ஆதிக்கம் கைக்கு வந்த பிறகுதான் விசாரிப்போம் என்றால், அதற்குள் விசாரணையால் பயன்பெற வேண்டியவர்களே கடையைக் கட்டிவிடுகிறார்களே!

இந்த வித்தை நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. தூத்துக்குடி எங்கள் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், 1906 இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், கொழும்புத் தடத்தைத் தன் கையில் வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. அது பலிக்காமல் போகவே, இலவசப் பயணத்தோடு ஒரு குடையும் தருவதாக ஆசை காட்டியது. அந்தக் குடை எதற்கு என்பது அன்றைக்கு இங்கிருந்தவர்களுக்கு விளங்கியிருந்தது.

பேச்சுக்கு மட்டுமான திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டதும் சற்று மகிழ்ந்தேன். வந்த திட்டங்களோ 84 நாள், ஓராண்டு என்று மொத்தப் பணம் கேட்டன. வாரக்கூலி வாங்குகிறவள் அதற்கு எங்கே போவாள்? ஆகவே பழைய திட்டமேதான் ஓடுகிறது. இம்முறை 28 ஆவது நாள் வெள்ளிக்கிழமை வருகிறது; அம்மாவின் கூலி சனிக்கிழமை.