'தௌ' மரியாதைச் சொல் அல்ல
"பழைய ஆங்கிலத்தில் 'தௌ' (thou) என்பது 'தாங்கள்' மாதிரி மரியாதைச் சொல், அதனால்தான் பைபிளில் கடவுளை அப்படி அழைக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை நேர் எதிர். 'தௌ' நம்முடைய 'நீ'. 'யீ' (ye), 'யூ' (you) இரண்டும் முதலில் பன்மை. 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சுப் பழக்கத்தின் தாக்கத்தில், ஒருவரையே மரியாதையாக அழைக்கவும் வந்தன. நம் 'நீங்கள்' வந்த வழியும் இதுதான்.

1603இல் ஆங்கிலேயக் கடலோடி சர் வால்டர் ராலே மீதான விசாரணையில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை இழிவுபடுத்தவே 'தௌ' போட்டு, துரோகி என்று ஏசினார். அப்புறம் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர்: எல்லோரும் சமம் என்று நீதிபதிகளையும் 'தௌ' என்றே அழைத்தார்கள், அதற்காக அடிகூட வாங்கினார்கள். மரியாதைச் சொல்லுக்கு யாராவது அடிப்பார்களா?

சரி, பைபிள்? 1611 ஆங்கில மொழிபெயர்ப்பில் மூலத்தின் ஒருமைக்கு 'தௌ', பன்மைக்கு 'யீ'. அவ்வளவுதான். மத்தேயு 16:23இல் இயேசு "சாத்தானே" என்று அதட்டும்போதும் 'தௌ'தான். பேச்சில் வழக்கொழிந்து ஜெபங்களில் மட்டும் தங்கியதால்தான் அது இன்று பவ்யமாகக் கேட்கிறது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் வட்டார வழக்கில் அதுவே 'தா' என்று நெருங்கியவர்களுக்குள் இன்னும் புழங்குகிறது.